ஜீப்புக்கு ஒரு ஆப்பு!

பெண் பார்க்கப் போகிறவன் ஹீல்ஸ் வைத்த ஷூ தேடுவதுபோல, நம்ம பையன்கள் ஜீப்பை உயர்த்துகிறார்கள். மூணே அங்குலம். பெரிய டயர் மாட்டலாம், அடியில் பாறை இடிக்காது, பார்க்கவும் ஜம்மென்று இருக்கும். ஐம்பது கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் அடிவயிற்றில் 'தடதட' ஆரம்பிக்கும்.

பழைய மஹிந்திரா சிஜே-3பி வைத்திருக்கும் நண்பன், இந்தத் தடதடவுக்காக மூன்று தடவை வீல் பேலன்ஸிங் செய்தான். சக்கரம் பாவம், அது என்ன செய்யும்? கோளாறு புரொப்பல்லர் ஷாஃப்டில்.

வண்டியை உயர்த்தினால் டிரான்ஸ்ஃபர் கேஸ் மேலே போகும். ஆக்ஸில் பழைய இடத்திலேயே நிற்கும். நடுவில் ஷாஃப்ட் சறுக்குமரம். அரை மீட்டர் ஷாஃப்ட் என்றால், மூணு அங்குலத்துக்கு எட்டு டிகிரிக்கு மேல் சரிவு கூடும். லாரியின் ஒன்றரை மீட்டர் ஷாஃப்டில் மூணு டிகிரிகூட வராது. குட்டை வண்டியின் தலையெழுத்து!

சாய்வாகச் சுற்றும் யுஜே கிராஸ், ஒரே சுற்றில் இரண்டு முறை வேகமெடுத்து இரண்டு முறை மந்தமாகும். முன் கிராஸ் செய்யும் இந்தக் குளறுபடியைப் பின் கிராஸ் எதிர்ப்பதமாகச் செய்து நேராக்க வேண்டும். நான் படித்த பி.காம். பாஷையில் டெபிட், கிரெடிட். நண்பன் ஸ்பிரிங்குக்கு நீள ஷாக்கிள் போட்டதில் ஆக்ஸிலும் திரும்பிக்கொண்டது. முன்னால் 13 டிகிரி, பின்னால் 8. டேலி ஆகவில்லை சார்!

வைத்தியம், ஆப்பு. நிஜமாகவே. ஸ்பிரிங் பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே இரும்பு ஆப்பு வைத்து, பினியனை டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு இணையாகத் திருப்புவார்கள். அதற்கு முன் சமதரையில், சக்கரங்கள் தரையில் நிற்க, கோணத்தை அளக்கணும். செல்போனே போதும். அப்புறமும் சரிவு அதிகமென்றால் டிரான்ஸ்ஃபர் கேஸைக் கொஞ்சம் இறக்கலாம்; அல்லது ஒரு முனையில் இரட்டை கிராஸ் உள்ள ஷாஃப்ட். அதற்குச் சட்டம் வேறே: பினியன் ஷாஃப்டையே நேராகப் பார்க்கணும். முன் ஆக்ஸிலில் மட்டும் இஷ்டத்துக்கு ஆப்பு வேண்டாம். காஸ்டர் மாறி ஸ்டியரிங் அலைபாயும்.

'சத்தம்தானே' என்று விடுகிறவர்களுக்கு ஒரு சேதி. அந்தக் கால ஜீப்பில் ஹேண்ட்பிரேக் டிரம் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால்தான் இருக்கும். கிராஸ் உடைந்து ஷாஃப்ட் விழுந்தால், மலைச்சரிவில் நீங்கள் இழுக்கும் ஹேண்ட்பிரேக் பின்சக்கரத்தைப் பிடிக்காது.

ஆப்பு வைத்ததும் நண்பனுக்குத் தடதட போய்விட்டது. "அடுத்து அஞ்சு இஞ்ச் போடலாமாடா?" என்றான்.

"முதல்ல யூ-போல்ட்டை இன்னொரு தடவை முறுக்குடா!" என்றேன்.