கௌவைத் தொலைத்த 247

எங்கள் துறையில் எழுத்துரு சோதனை என்றாலே ஒரு நரி ஓடிவந்துவிடும். பழுப்பு நரி ஒன்று சோம்பேறி நாயைத் தாண்டிக் குதிக்கிற அந்த ஆங்கில வாக்கியம்தான். 35 எழுத்துக்குள் ஆங்கிலத்தின் 26ம் வந்துவிடும். "உங்க மொழியில இதுக்கு என்ன?" என்று சக ஊழியர் ஒருவர் கேட்டபோது, தமிழ்மொழியின் இனிமை பற்றிய பாரதியின் வரியை அனுப்பிவைத்தேன். தமிழ் எழுத்துருவைக் காட்ட எல்லோரும் போடுகிற வரி. அப்புறம்தான் எண்ணிப் பார்த்தேன். ச, ஞ, ட, ர நான்கும் அதில் கிடையாது. பாரதி மேல் குற்றமில்லை, அவர் எழுதியது கவிதை. அதைச் சோதனைத் தாளாக்கிய நாம்தான் அசடுகள்.

இதைச் சொன்னால் உடனே ஒருவர் கிளம்பி வருவார். "அப்போ 247 எழுத்தும் வர்ற மாதிரி ஒரே வாக்கியம் எழுதிக் காட்டுங்க பார்ப்போம்." சில மாதத்துக்கு ஒருமுறை இந்தச் சவால் ஏதாவது வாட்ஸப் குழுவில் முளைத்துவிடுகிறது. என் பதில்: முடியாது. முடிய வேண்டியதும் இல்லை.

உயிர் 12, மெய் 18, இரண்டும் பெருகி 216, ஆய்தம் ஒன்று. கணக்கு சரி. ஆனால் ஙௌ வரும் சொல் ஒன்று சொல்லுங்கள். ணௌ? ழௌ? ங் என்ற மெய் தினமும் நம் வாயில் புழங்குகிறது. அதன் உயிர்மெய்க்கோ அங்ஙனம், இங்ஙனம் என்று அகராதியிலிருந்து ஆளைக் கூட்டிவர வேண்டியிருக்கிறது. ஆத்திசூடியில் ங-வின் முறை வந்தபோது ஔவையே அந்த எழுத்தின் வடிவத்தைத்தான் பாடமாக்கினார். 247 என்பது ஒரு வாய்ப்பாடு. பதினாறாம் வாய்ப்பாட்டில் உள்ள எல்லா எண்ணும் வருகிற மாதிரி மளிகைக் கடையில் பில் போடச் சொல்வோமா?

தொல்காப்பியர் இதில் தெளிவாக இருந்தார். எழுத்து 30 என்றார். குற்றியலிகரம், குற்றியலுகரம், ஆய்தம் மூன்றையும் சார்ந்து வருபவை என்று தனியே வைத்தார். அந்த முப்பதை வைத்து வாக்கியம் எழுதுவது ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலை இல்லை. பேருந்தில் உட்கார்ந்து நான் எழுதியது இது:

மழை ஓய்ந்ததும் கௌசல்யா அத்தை மஞ்சள் பூசிக்கொண்டு எல்லோருக்கும் முன்னே ஈர வயலில் இறங்கினாள்.

எண்ணிக்கொள்ளுங்கள். தனியாகவோ உயிர்மெய்க்குள்ளோ 12 உயிரும் 18 மெய்யும் இருக்கின்றன. இதைப் போட்டுச் சோதித்தால் எந்த எழுத்துருவும் பளிச்சென்று தேறிவிடும். என் கோபம் ஆரம்பிப்பதும் அங்கேதான்.

என் அத்தையின் நிஜப் பெயர் அது இல்லை. ஆனால் அதுவும் கௌவில்தான் தொடங்குகிறது. தஞ்சாவூர்ப் பக்கம் கொஞ்சம் நிலம், குறுவையும் சம்பாவும்தான் வாழ்க்கை. ஒரு குறுவை நடவு நேரத்தில் ஏதோ பட்டியலில் பெயர் பார்க்க ஓர் அலுவலகத்துக்குப் போனார். கணினியில் தேடினார்கள். "இந்தப் பேர்ல யாரும் இல்லம்மா." அத்தை திரும்பி வந்தார். மறுபடி போனார், மறுபடி இல்லை. மூன்றாவது தடவை நான் கூடப் போய்ப் பக்கம் பக்கமாகத் தள்ளிப் பார்த்தால், பெயர் அங்கேயே இருக்கிறது. "இருக்கே சார், அப்புறம் ஏன் தேடினா வரல?" என்று அந்த ஊழியர் என்னையே கேட்டார்.

கௌ, கெள. இரண்டையும் இங்கே எழுதியிருக்கிறேன், உற்றுப் பாருங்கள். முதலாவதில் க-வோடு ஔகாரக் குறி. இரண்டாவதில் கெ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் ளகரம். ஔகாரக் குறியின் வலது பாதி ள மாதிரியே இருப்பதால், பார்த்ததை அப்படியே அடிக்கும் கை ள-வைத்தான் தேடும். திரையில் வித்தியாசம் தெரியாது. யூனிகோடுக்கு அவை வேறு வேறு சரங்கள். அத்தை பெயரில் இருந்தது கெ, ள. தேடியவர் அடித்தது கௌ. மூன்று நாள் கூலியும் நடவும் அந்த இடைவெளியில் விழுந்தன.

இது ஒன்றோடு நிற்கவில்லை. ஸ்ரீ-யை ஸ-வை வைத்தும் அடிக்கலாம், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶ-வை வைத்தும் அடிக்கலாம். பல எழுத்துருக்களில் இரண்டுக்கும் ஒரே உருவம்தான். டெல்டாவில் எத்தனை ஸ்ரீனிவாசன், எத்தனை ஸ்ரீதர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. துணைக்காலுக்குப் பதில் ரகரம் விழும், எ இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எண் ௭ வந்து உட்காரும். நரி வாக்கியமோ, பாரதி வரியோ, என்னுடைய அத்தை வாக்கியமோ இதில் ஒன்றைக்கூடப் பிடிக்காது. அவை கேட்பது "எழுத்து தெரிகிறதா?" என்று மட்டும்தான். எல்லாம் தெரியத்தான் தெரிகிறது.

இந்தப் பாடம் டெல்டாவுக்குப் புதிதில்லை. எங்கள் கடலோரத் தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சுக்கூடம் வைத்தபோது, தமிழ் அச்செழுத்துகள் ஜெர்மனியின் ஹாலே நகரில் செய்யப்பட்டு 1713இல் கப்பலில் வந்தன. எழுத்துகள் வந்துவிட்டன. ஆனால் அளவு பெரிசு. அந்த அளவில் புத்தகம் போட்டால் காகிதம் கட்டுப்படியாகாது. சின்ன எழுத்துகளை இங்கேயே வார்த்துப் புதிய ஏற்பாட்டை 1715இல் முடித்தார்கள். பெட்டியில் எழுத்து இருப்பது ஒரு விஷயம், பக்கத்தில் அது வேலை செய்வது வேறு விஷயம். முந்நூறு வருஷம் கழித்தும் நாம் பெட்டியைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

"247 நம்ம பெருமை, அதைக் கிண்டல் பண்றீங்களா?" என்று கேட்பீர்கள். பெரிய கோயிலுக்குப் போய் ராஜராஜன் கல்வெட்டைப் பாருங்கள். பெரும்பாலும் புள்ளியே இருக்காது. க-வா க்-ஆ என்பதை இடம் பார்த்து நாம்தான் படித்துக்கொள்ள வேண்டும். கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் ஏலாக்குறிச்சியில் இருந்த வீரமாமுனிவர் ஏ, ஓ என்ற நெடில்களுக்குத் தனி வடிவம் கொடுத்தது 18ஆம் நூற்றாண்டில். யானைத் துதிக்கை போல வளைந்த பழைய லை, னை போய் இன்றைய வடிவம் அரசாணையாக வந்தது 1978இல். ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் படிப்பவனின் சிரமத்தைப் பார்த்து எழுத்தைத் திருத்தியிருக்கிறார். தமிழுக்குப் பெருமை அந்தத் திருத்தத்தில் இருக்கிறது. வாய்ப்பாட்டை ஒப்பிப்பது மூன்றாம் வகுப்போடு முடிந்துவிட்ட காரியம்.

மென்பொருள் எழுதுகிற தம்பி தங்கைகளுக்கு ஒரே ஒரு கோரிக்கை. உங்கள் சோதனைத் தரவில் அழகான வாக்கியம் வேண்டாம், இரட்டையர்களைப் போடுங்கள். கௌவும் கெளவும், இரண்டு ஸ்ரீயும், எ-வும் ௭-ம். ஒன்றைத் தேடினால் மற்றதும் கிடைக்கிறதா என்று பாருங்கள். பெயரைப் பதிவுசெய்யும்போதே தவறான கெளவைப் பிடித்து நிறுத்துங்கள். நாலு வரி நிரல்தான். அந்த நாலு வரியை யாரும் எழுதாததால்தான் என் அத்தை மூன்று தடவை பஸ் ஏறினார்.

அடுத்த முறை அந்த 247 சவால் உங்களுக்கு வந்தால் பதில் எழுதிக்கொண்டிருக்காதீர்கள். உங்கள் வீட்டில் கௌரியோ கௌதமனோ இருந்தால், அவர் பெயர் இருக்க வேண்டிய பட்டியலைத் திறந்து ஒருமுறை தேடிப் பாருங்கள்.