ஊரிகத்தில் பாலைவனம் தேடுபவர்கள்

பெங்களூருக்குக் கிழக்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவில் ஒரு பாலைவனம் இருப்பதாக ஒளிப்படங்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகின்றன. மாலை வெயிலில் பொன்னிறம் கொள்ளும் மேடுகள், சரிவுகளில் விரல்விரலாக இறங்கும் பள்ளங்கள், உச்சியில் நிழலுருவாக ஒரு மனிதர். மணமக்களும் பயண ஒளிப்படக்காரர்களும் இதே படத்தைத் திரும்பத் திரும்ப எடுக்கிறார்கள். 2018இல் வெளிவந்த கே.ஜி.எஃப். திரைப்படம் அந்த மேடுகளை நாடெங்கும் கொண்டு சென்றது. படத்தின் கீழே 'சஹாரா' என்றோ 'எகிப்து போல' என்றோ ஒரு சொல் இருக்கும். ஊரிகம், சாம்பியன் ரீஃப், மாரிகுப்பம் என்னும் பெயர்கள் அங்கே அரிதாகவே காணப்படுகின்றன.

அம்மேடுகள் பாலை மணல் அல்ல. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் கோலார் தங்கவயலில் கால்பதித்தது. அன்று முதல் 2001 பிப்ரவரி இறுதியில் சுரங்கங்கள் மூடப்படும் வரை, மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம்வரை வெட்டியெடுக்கப்பட்ட பாறை இங்கே மேலேறி வந்தது. ஆலையில் அது மாவாக இடிக்கப்பட்டது. சயனைடு கரைசல் அம்மாவிலிருந்து தங்கத்தைப் பிரித்தது. எஞ்சிய குழம்பு வெளியே கொட்டிக் குவிக்கப்பட்டது. பதின்மூன்று மேடுகள், மூன்று கோடி டன்னுக்கு மேற்பட்ட கழிவு. ஊர் வழக்கில் அதன் பெயர் சைனைட் மேடு.

இதில் ஒரு முரண் உண்டு. பாலை மழையின்மையால் உருவாவது. ஊரிகத்துப் படங்களுக்குப் பாலைத் தோற்றம் தருகின்ற பள்ளங்களையோ ஆண்டுதோறும் பெய்யும் மழைதான் அறுத்திருக்கிறது. மேட்டிலிருந்து கரைந்த மண் எங்கே போயிற்று என்று படம் கேட்பதில்லை. காற்று மாதங்களில் எழும் புழுதிப்படலம் படத்துக்கு மென்மை கூட்டுகிறது. அதே தூள் மேட்டடியிலுள்ள லைன் வீடுகளில் சோற்றுப்பானைக்குள்ளும் நுரையீரலுக்குள்ளும் இறங்குகிறது. அழகைக் காண்பவரைக் குறைசொல்ல இடமில்லை. ஆனால், இடப்பெயரும் காரணமும் நீக்கப்பட்ட இதே படம் ஓர் ஆய்வேட்டின் முகப்பிலும் ஏறுமானால், அதை ரசனை என்று சொல்லிக் கடந்துவிட முடியாது.

எகிப்தைத்தான் நினைவுகூர வேண்டுமென்றால் அங்கே ஒளிப்படக்கருவி செய்த வேலையையும் சேர்த்து நினைவுகூரலாம். 1922இல் துட்டன்காமுனின் கல்லறை கண்டறியப்பட்டபோது, நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் அகழாய்வுக் குழுவில் இருந்த ஹாரி பர்ட்டன் அப்பணிக்கு அனுப்பப்பட்டார். ஏறத்தாழப் பத்தாண்டுகள் அவர் அங்கே படம் எடுத்தார். பொருள்கள் இருந்த இடத்திலேயே, அவற்றை அசைப்பதற்கு முன்பே படமாக்கப்பட்டன. ஒவ்வொன்றின் அருகிலும் எண் எழுதிய சிறு அட்டை வைக்கப்பட்டது. அந்த எண் ஹோவர்டு கார்ட்டரின் குறிப்பட்டைகளோடு பொருந்துகிறது. ஒரு பெட்டி எந்த அறையில், எதன்மேல், எந்த நிலையில் இருந்தது என்பதை நூறாண்டுக்குப் பின்னும் ஓர் ஆய்வாளர் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு கண்டறியலாம். பர்ட்டனின் ஒளியமைப்பு இன்றும் வியக்கவைப்பது. எண் அட்டை அதன் அழகை எங்கும் குலைக்கவில்லை.

அவருடைய முறைக்கும் ஒரு பெருங்குறை உண்டு. பொருளுக்கு எண் கிடைத்தது. அதைச் சுமந்து வந்த எகிப்தியத் தொழிலாளர் பெரும்பாலும் பெயரில்லாமலே படத்தில் நிற்கிறார். வரலாற்றாய்வாளர் கிறிஸ்டினா ரிக்ஸ் தம் ஆய்வில் இதை விரிவாகப் பேசியிருக்கிறார்.

வியப்பு என்னவென்றால், பண்டைய எகிப்து இவ்வகையில் அந்தக் கேமராவை விடவும் கவனமாக இருந்திருக்கிறது. டூரின் எகிப்திய அருங்காட்சியகத்தில் உள்ள, நான்காம் ராமசேசு காலத்துப் பாப்பிரசு வரைபடம், தங்கம் கிடைக்கும் பாலை மலைகளை நிறம் பிரித்துக் காட்டுகிறது. அதில் தங்க வேலையாட்களின் வீடுகளும் வரையப்பட்டுள்ளன. ஊரிகத்துப் படங்கள் சட்டகத்துக்கு வெளியே தள்ளும் அதே வீடுகள். பிரித்தானிய அருங்காட்சியகத்திலுள்ள ஒரு கல்துண்டு இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. அரசர் கல்லறைகளை அமைத்த தெய்ர் எல்-மதீனா தொழிலாளர்கள் வேலைக்கு வராத நாள்களும் காரணங்களும் பெயர் வாரியாக அதில் எழுதப்பட்டுள்ளன. ஒருவரைத் தேள் கொட்டியிருக்கிறது; ஒருவருக்குக் கண்நோய்; ஒருவர் பியர் காய்ச்சப் போயிருக்கிறார். மூவாயிரம் ஆண்டு கடந்தும் இம்மனிதர்களைப் பெயர் சொல்லி அழைக்க முடிகிறது.

தங்கவயலில் அத்தகைய பொருள்கள் இல்லாமல் போகவில்லை. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து தலைமுறை தலைமுறையாகக் குழிக்குள் இறங்கிய குடும்பங்களின் வீடுகளில் தொப்பியும் விளக்கும் சம்பளச் சீட்டும் பரண்மேல் கிடக்கலாம். அவற்றை எடுத்தவுடன் எண்ணிடத் தொடங்குவதும் சரியன்று. 1930இல் கைரேகைப் பதிவைத் திணித்தபோது தங்கவயல் தொழிலாளர்கள் மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். பதிவு யாருடைய கையில், யாருக்காக என்னும் கேள்வியைப் பல்கலைக்கழகங்களுக்கு வெகுமுன்பே எழுப்பியவர்கள் அவர்கள். ஆகவே இப்பொருள்களைப் படமாக்க விரும்பும் மாணவர் முதலில் வீட்டாரின் ஒப்புதலைப் பெற வேண்டும். பெயரை எப்படி எழுதுவது, எழுதலாமா என்பதை அவர்களே சொல்ல வேண்டும். படத்தின் ஒரு படி அவ்வீட்டிலேயே இருக்க வேண்டும்.

காலம் அதிகமில்லை. மேடுகளில் எஞ்சியுள்ள தங்கத்தையும் பிற கனிமங்களையும் மீண்டும் பிரித்தெடுக்கும் ஒன்றிய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் இசைவளித்தது. பதின்மூன்று மேடுகளும், ஆயிரம் ஏக்கருக்குச் சற்று மேற்பட்ட நிலமும் அதில் அடக்கம். வேலை தொடங்கினால் மேட்டின் வடிவம் மாறும். ஒருநாள் மேடே இல்லாமலும் போகலாம். அப்போது எஞ்சுபவை இதுவரை எடுக்கப்பட்ட ஆயிரக்கணக்கான அந்திப் படங்கள்தாம். அவற்றைக் கொண்டு எந்த மேடு எங்கே இருந்தது, அதன் நிழலில் எந்த லைன் இருந்தது என்று ஒருவராலும் சொல்ல இயலாது.

பங்காருப்பேட்டையிலிருந்து மாரிகுப்பம் செல்லும் ரயிலில் வந்து ஊரிகம் நிலையத்தில் இறங்கும் ஒளிப்படக்காரர் தம் அந்திப் படத்தைத் தாராளமாக எடுக்கட்டும். கூடவே ஒரு படம், பகல் வெளிச்சத்தில், மேட்டடி வீடுகளும் சேர்ந்து தெரியுமாறு. அதன் கீழே எழுதவேண்டியது இரண்டு வரிகூட வராது: எந்தச் சுரங்கத்தின் கழிவு, எந்தத் திசையிலிருந்து எடுத்தது, எந்த நாள், கீழே இருப்பது எந்த லைன்.