மாத்திரை பிள்ளைகளுக்கு மட்டும்தானா?



போன வாரம் எங்கள் தெருவில் ஒரு நாய்க்குட்டி செத்துப்போனது. இரண்டு மாதம்கூட ஆகியிருக்காது. வயிறு பானை மாதிரி உப்பியிருந்தது. "நல்லா சாப்பிடுது டீச்சர்" என்றார்கள் தெருப்பிள்ளைகள். நானும் நம்பி பால் ஊற்றிக்கொண்டிருந்தேன். கால்நடை மருத்துவர் அதன் உதட்டைத் தூக்கிக் காட்டினார். ஈறு வெள்ளைக் காகிதமாக இருந்தது. "இது சாப்பாடு இல்லைங்கம்மா, புழு" என்றார். அன்று ராத்திரியே போய்விட்டது.

எனக்கு வெட்கமாக இருந்தது. பிப்ரவரி 10, ஆகஸ்டு 10 குடற்புழு நீக்க நாட்களில் உங்களில் எத்தனை பேருக்கு என் கையால் அல்பெண்டசோல் கொடுத்து, மென்று விழுங்கும்வரை எதிரிலேயே நின்றிருக்கிறேன்! (பெஞ்சுக்கு அடியில் ஒளித்தவன் யார் என்று எனக்குத் தெரியும்.) பள்ளிக்கூட வாசலில் படுத்திருந்த நாய்க்கும் வயிறு இருக்கிறதே என்று ஒருநாளும் தோன்றவில்லை.

உருண்டைப்புழு தாயின் வயிற்றிலேயே குட்டிக்குள் போய்விடுகிறது. பூனைக்குட்டிக்குத் தாய்ப்பால் வழியாக வருகிறது. அதனால் நாய்க்குட்டிக்கு இரண்டு வாரத்திலும், பூனைக்குட்டிக்கு மூன்று வாரத்திலும் மருந்தை ஆரம்பிக்க வேண்டும். பால் மறக்கும்வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. வளர்ந்தபின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று பொதுவாகச் சொல்கிறார்கள்.

"தெருநாய்க்கு யார் டீச்சர் செலவு பண்றது?" என்று ஒரு பழைய மாணவன் கேட்டான். அவன் மாதம் தவறாமல் செருப்பில்லாமல் கிரிவலம் சுற்றுகிறவன். நாயின் கொக்கிப்புழுவுக்கு நம் வாய் தேவையில்லை. நாய் மலம் கழித்த நிழலான ஈர மண்ணில் அதன் இளம்புழு காத்திருந்து பாதத்தின் தோல் வழியாகவே ஏறும். தோலுக்கடியில் கோடு கோடாக ஊர்ந்து அரிக்கும். இலங்கையில் கண்டு 1911இல் பெயர் வைத்த ஒரு வகை, மனிதக் குடலிலும் குடித்தனம் நடத்தும். 14 கிலோமீட்டரில் தார் ரோட்டை விட்டு ஓரமண்ணில் நடக்கிறவர்களும், அங்கே விளையாடும் நம் பிள்ளைகளும் கொஞ்சம் யோசிக்கலாம்.

உண்ணி விஷயத்தில் நாம் செய்வது இன்னும் மோசம். மண்ணெண்ணெய் தடவுகிறோம், பினாயில் ஊற்றுகிறோம். தோல் வெந்துபோகும். நக்கினால் வயிற்றுக்குள்ளும் போகும். ஒரு பெண் உண்ணி ரத்தம் குடித்துக் கீழே விழுந்து சுவர் விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டை இடுகிறது. நாயை மட்டும் குளிப்பாட்டினால் எப்படித் தீரும்? அது படுக்கிற சாக்கு, திண்ணை இடுக்கு எல்லாம் சுத்தமாக வேண்டும். உண்ணிக் காய்ச்சல் வந்தால் நாய் சாப்பாட்டைத் தொடாது. சிலதுக்கு மூக்கில் ரத்தம் வரும். அப்போது கை வைத்தியம் வேண்டாம், டாக்டரிடம் ஓடுங்கள்.

பூனை வளர்க்கிற என் தங்கை மகளுக்கு ஒன்று. பெர்மெத்ரின் சேர்த்த நாய் மருந்தை பூனைமேல் ஒரு சொட்டும் விடாதே. வலிப்பு வந்து செத்துவிடும். அரிசி மாதிரி ஏதாவது அதன் வாலடியில் ஒட்டியிருந்தால் நாடாப்புழு. தெள்ளுப்பூச்சியை நக்கி விழுங்குவதால் வருவது, ஆகவே தெள்ளையும் சேர்த்து ஒழிக்க வேண்டும்.

ரமணாசிரமத்தில் பசு லட்சுமிக்குப் பக்கத்தில் ஜாக்கி என்ற நாய்க்கும் சமாதி வைத்த ஊர் இது. பௌர்ணமிக்கு வந்து பிஸ்கட் போடுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பிஸ்கட்டில் பாதி புழுவுக்குத்தான் போகிறது. பள்ளியில் மாத்திரை கொடுக்கிற அதே நாளில் தெருநாய்களுக்கும் கொடுத்தால் என்ன?

எங்கள் தெருவில் ஆரம்பித்துவிட்டோம். 11 நாய், 4 பூனை. எடைக்குத் தகுந்த அளவுதான் மருந்து என்பதால், பிள்ளைகள் நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, தங்கள் எடையைக் கழிக்கிறார்கள். ஐந்தாம் வகுப்பில் வராத கழித்தல் இப்போது வருகிறது! அடுத்த பௌர்ணமிக்கு வருகிறவர்கள் வீட்டில் சும்மா கிடக்கும் எடை மெஷின் இருந்தால் கொண்டுவாருங்கள். எங்களுடையதில் முள் 30 கிலோவைத் தாண்ட மாட்டேன் என்கிறது.