துணிக்கு வரியில்லை, தைத்தவளுக்கு வழியில்லை

பதுளை பஸ் ஸ்டாண்டில் இரவு கொழும்பு பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டத்தைப் பாருங்கள். பசறை, ஹாலிஎல, லுணுகலைப் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகள் அதில் இருப்பார்கள். கட்டுநாயக்கவில் கார்மென்ட் வேலை. ஐரோப்பிய ஒன்றியம் நமக்குப் பாடப்புத்தக விஷயம் இல்லை. அது இந்த பஸ்ஸில் ஏறிப்போகிறது.

ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகை என்றாலே "நாட்டுக்கு நல்லது" என்கிறார்கள். எந்த நாட்டுக்கு, யாருக்கு? கறுப்புத் தேயிலைக்கு ஐரோப்பாவில் ஏற்கெனவே சுங்கவரி கிடையாது. நம்ம அம்மா பறிக்கிற கொழுந்துக்கு இந்தச் சலுகையால் ஒரு சதமும் கூடாது. பெரிய பலன் ஆடைத் தொழிலுக்குத்தான். தோட்டத்துச் சம்பளத்தில் வாழ முடியாததால்தானே பிள்ளைகள் மெஷினுக்குப் போகிறார்கள்? 1,000 ரூபாய் நாட்சம்பளத்துக்கே 2021 வரை வருஷக்கணக்காகக் கத்த வேண்டியிருந்தது. மெஷினுக்குப் போனவளின் பிள்ளையை லயத்தில் அம்மாயி வளர்க்கிறாள். அந்த வேலைக்கு எந்த ஃபேக்டரியும் காசு கொடுப்பதில்லை. மலிவான சட்டையின் செலவில் ஒரு பங்கை லயம்தான் சுமக்கிறது.

1957இல் ரோம் ஒப்பந்தத்தில் ஆறு ஐரோப்பிய நாடுகள், சரக்கோடு தொழிலாளியும் தங்களுக்குள் எல்லை தாண்டலாம் என்று எழுதிக்கொண்டன. ஏழு வருஷம் கழித்து, 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் நம்ம ஆட்களைத் தலை எண்ணிப் பங்கு போட்டது: இந்தியாவுக்கு 525,000 பேர், இலங்கைக்கு 300,000 பேர். தேயிலை கப்பலேறிப் போனது, பறித்தவர்களுக்கு நாடே இல்லை. இன்றைக்கும் துணிக்கு வரியில்லை, தைத்தவள் விசா கேட்டால் கதவு மூடியிருக்கிறது. உள்ளே வேலியைப் பிடுங்கிய ஐரோப்பா, வெளியே அதை உயர்த்திக் கட்டிக்கொண்டது.

"அப்போ சலுகையே வேண்டாமா?" என்று கேட்பீர்கள். நாங்கள் அப்படிச் சொல்லவில்லை. மனித உரிமையைக் காரணம் காட்டி 2010 ஆகஸ்டில் நிறுத்தினார்கள், 2017 மே மாதம்தான் திருப்பிக் கொடுத்தார்கள். உரிமையை மீறியது அரசு. ஆர்டர் போய்விடுமோ என்று பயந்தது மெஷின் முன்னால் இருந்தவள்.

ஆனால் சும்மா கிடைத்த சலுகை இல்லை இது. 27 சர்வதேச உடன்படிக்கைகளை மதிப்பதாக வாக்குக் கொடுத்துத்தான் இலங்கை இதை வாங்குகிறது. சங்கம் அமைக்கிற உரிமையும், கூட்டாகப் பேரம் பேசுகிற உரிமையும் அதில் இருக்கின்றன. அந்த வாக்கை நம்ம கையில் எடுப்போம். தமிழில் எழுதி லயத்துக்கும் போர்டிங்குக்கும் கொண்டுபோவோம்.

நம்ம சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. செக்ரோலில் பேர் இருக்கும்வரைதான் நாங்கள் உங்கள் ஆட்களா? சந்தா நின்ற இடத்தில் உறவும் நின்றுபோகுமா? கட்டுநாயக்கவுக்குப் போனவளும் தோட்டத்துப் பிள்ளைதான்.

கண்காணிக்க வருகிற ஐரோப்பியத் தூதுக்குழுக்களுக்கும் சொல்கிறோம்: கொழும்போடு திரும்பிவிடாதீர்கள். ரயில் பதுளை வரை வருகிறது.