நிரூபிக்க வேண்டியவர் யார்?

“கடவுள் இல்லை என்கிறீர்களே, அதை நிரூபிக்க முடியுமா?” நாத்திகர்களை நோக்கி விவாத மேடைகளில் ஓயாமல் எழுப்பப்படும் கேள்வி இது. கேட்பதற்கு நியாயம்போல் தோன்றும். ஆனால், ஒன்று உண்டு என்று சொல்பவரே அதற்குச் சான்று தரவேண்டும் என்பதே அறிவுலகின் பொது நெறி. வழக்காடும் உண்மையை, அதை எடுத்துரைப்பவரே மெய்ப்பிக்க வேண்டும் என்றுதான் 1872ஆம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டமும் கூறியது.

இதனால் நாத்திகருக்குப் பொறுப்பே இல்லை என்றாகிவிடாது. ‘நம்புவதற்குச் சான்று போதவில்லை’ என்பவர் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. ‘இது இன்ன காரணத்தால் நிகழ்கிறது’ என்று உறுதிபடக் கூறுபவர் நிரூபித்தே ஆகவேண்டும்.

இந்தியப் பகுத்தறிவாளர்கள் இப்பொறுப்பைத் தட்டிக்கழித்ததில்லை. 1995 செப்டம்பர் 21 அன்று பிள்ளையார் சிலைகள் பால் குடிப்பதாக நாடே பரபரத்தபோது, பாலில் வண்ணம் கலந்து, அது சிலையின்மீது வழிந்தோடுவதை அறிவியலாளர்கள் காட்டினர். 2012இல் மும்பையில் சிலுவையிலிருந்து நீர் சொட்டியது. அருகிலிருந்த கழிவுநீர்க் கசிவு நுண்துளைகள் வழியே சுவரில் ஏறியதே காரணம் என்று சனல் இடமருகு விளக்கினார். கிடைத்த மறுமொழி மாற்றுச் சான்று அன்று. மத உணர்வைப் புண்படுத்தியதாக 295ஏ பிரிவின்கீழ்ப் புகார்கள். அவர் நாட்டைவிட்டே வெளியேற நேர்ந்தது. 2013இல் நரேந்திர தபோல்கரும், 2015இல் கம்யூனிஸ்ட் தலைவர் கோவிந்த் பன்சாரேயும் துப்பாக்கிக் குண்டுகளுக்கு இரையாயினர்.

ஆக, சான்று கேட்பவர்கள் உண்மையில் சான்றைத் தேடவில்லை; கேள்வியையே நிறுத்த விரும்புகின்றனர்.

வீட்டிலும் கோயிலிலும் வழிபடும் உழைப்பாளி தம் நம்பிக்கைக்கு எவரிடமும் கணக்கு ஒப்புவிக்க வேண்டியதில்லை. அரசமைப்பின் 25ஆவது பிரிவு அவருக்கு அளித்துள்ள உரிமை அது. அவ்வுரிமையைக் காப்பது இடதுசாரிகளின் கடமையும் ஆகும். ஆனால் நம்பிக்கை பாடநூலாகவும் மருத்துவமாகவும் அரசின் கொள்கையாகவும் மாறும்போது, சான்று கேட்கும் உரிமை மக்களுக்கு உண்டு. விநாயகரின் யானைத் தலையைப் பண்டைய பிளாஸ்டிக் அறுவைச் சிகிச்சையோடு இணைத்து 2014இல் மும்பை மருத்துவமனை விழாவில் பேசியவர் நாட்டின் பிரதமர்! அங்கே நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது?

அறிவியல் மனப்பான்மையையும் தேடலுணர்வையும் வளர்ப்பது குடிமக்களின் அடிப்படைக் கடமை என்கிறது அரசமைப்பின் 51ஏ பிரிவு. கேள்வி கேட்பவரைக் குற்றவாளியாக்கும் வரை அக்கடமை ஏட்டளவிலேயே நிற்கும்.