மின்சாரம் நின்ற வேளையில்

2016 டிசம்பர் 12-ஆம் நாள் வீசிய வர்தா புயலையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொணர்ந்த பெருவெள்ளத்தையும் கள்ளிக்குப்பம், அம்பத்தூர்ப் பகுதி அங்கத்தினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இத்தகைய வேளைகளில் கைகொடுப்பது டீசல் ஜெனரேட்டரே. ஆயினும், அதனை இயக்குவதில் நம்மவர் காட்டும் அலட்சியம் கண்டிக்கத்தக்கது.

சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் இன்றி அதனை வீட்டு மின்கம்பியில் இணைத்தல் பெருந்தவறு. அம்மின்சாரம் தெரு டிரான்ஸ்பார்மரில் பின்னோக்கிப் புகுந்து 11,000 வோல்ட்டாக உயரக்கூடும். நமக்காகக் கம்பமேறி உழைக்கும் லைன்மேனின் உயிரே அதற்கு விலையாகலாம். ஒரு ஸ்விட்சின் விலையை மிச்சம் பிடிக்க இது தகுமோ?

தறிக்கூடத்தினுள் என்ஜினை ஓட்டுதலும் ஆகாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமில்லை, மணமில்லை. உறங்குவோரை எழுப்பாமலே கொல்லும். வெள்ளம் எட்டாத மேடையில், திறந்த வெளியில், மழை படாத கூரையின் கீழ் அதனை அமைத்திடுக.

ஆயிலும் ரேடியேட்டர் நீரும் பார்த்த பின்னரே கிளப்புக. வேகம் நிலைத்த பின் தறியையும் பம்பையும் ஒவ்வொன்றாக இணைத்திடுக. நிறுத்துமுன் சுமையை நீக்கிச் சில நிமிடம் ஓடவிடுக. சூடு ஆறுமுன் டீசல் ஊற்றற்க.

ஜெனரேட்டருக்குக் கடன் கோருவோர்க்கு, ஸ்விட்சுக்கும் எர்த்துக்கும் உரிய தொகையையும் சேர்த்தே சங்கங்கள் வழங்குதல் வேண்டும். அவை பொருத்தப்பட்டதைக் கண்ட பின்னரே கடைசித் தவணையை விடுவித்தல் வேண்டும். ஒருவர் வீட்டு விளக்கு மற்றொருவர் வீட்டை இருளாக்கலாகாது. கூட்டுறவின் பொருளும் அதுவே.