முதலில் மனை, பிறகு வீடு

மத்திய வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற விவகாரங்கள் துறை அமைச்சர் மனோகர் லால் அவர்களுக்கு,

பிரதமரின் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டம் 2024 செப்டம்பரில் தொடங்கியது. ஐந்து ஆண்டுகளில் 1 கோடிக் குடும்பங்களுக்கு உதவி என்பது அதன் இலக்கு. தானே வீடு கட்டிக்கொள்ளும் பயனாளிக்குத் தமிழ்நாட்டில் மத்திய அரசு 1.5 லட்சம் ரூபாய் தருகிறது; மாநில அரசு குறைந்தது 1 லட்சம் சேர்க்க வேண்டும். ஆனால் அந்தப் பணம் கைக்கு வர, பயனாளி பெயரில் மனை இருக்க வேண்டும். தஞ்சை டெல்டாவின் குடிசைவாசிகளுக்கு இல்லாதது அதுதான்.

அது ஏன் இல்லை என்பதற்கு இந்த மண்ணில் நீண்ட கதை உண்டு. காவிரி பாயும் நஞ்சையில் பெரும்பகுதி மிராசுதார்கள், மடங்கள், கோயில்கள் கையில் இருந்தது. பண்ணையாள் குடும்பம் குடிசை போட்டிருந்த இடமும் பண்ணைக்குச் சொந்தம். கூலியைக் கூட்டிக் கேட்டால் குடியிருப்பும் போய்விடும். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதும் ஒரு குடிசைக்குள்தான். 1971இல் தமிழக அரசு, விவசாயத் தொழிலாளர்கள் குடியிருந்த மனையை அவர்களுக்கே சொந்தமாக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1981இல் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் அவர் கணவரும் தொடங்கிய லாஃப்டி அமைப்பு, நிலம் வாங்கித் தலித் பெண்கள் பெயரில் எழுதிக் கொடுத்தது. வீடுகள் அதற்குப் பிறகு வந்தன. டெல்டாவில் ஏழைக்கு வீடு நிலைத்தது இந்த வரிசையில்தான்.

விடுபட்டவர்கள் இன்னும் ஏராளம். வாய்க்கால் கரைக் குடிசை ஒன்றின் பக்கத்தில் போய் நின்றால் நிலைமை புரியும். கீற்றுக் கூரை, அதன் மேல் தார்ப்பாய், காற்றில் பறக்காமலிருக்கப் பழைய சைக்கிள் டயர்கள். ஐப்பசி மழையில் மண்சுவர் அடியிலிருந்து ஊறி வரும். உள்ளே ஒரு பிளாஸ்டிக் பையில் ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டை, ஆதார், எல்லாவற்றிலும் ஒரே முகவரி. பட்டா மட்டும் இருக்காது. நீர்நிலைப் புறம்போக்குக்குப் பட்டா கொடுக்கக்கூடாது என்பது சரியான விதி. வடிகால் அடைந்தால் பக்கத்து வயலில் சம்பா அழுகும். அப்படியானால் மாற்று இடம் வேண்டும். அரசுத் தரிசு அரிதான நஞ்சைப் பூமியில் அதை விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும். கோயில் மனையில் தரைவாடகை கட்டி இருப்பவர்களுக்கும் இதே முட்டுக்கட்டை. திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் மனுக்கள் சேர்கின்றன.

இவர்கள் எப்படித் தங்கள் அமைச்சகத்தின் பொறுப்பு ஆகிறார்கள்? ஒரத்தநாடு, பாபநாசம், அம்மாபேட்டை ஆகியவை அரசுக் கணக்கில் நகரங்கள். காலையில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். ஆனால் பேரூராட்சி எல்லைக்குள் இருப்பதால், மாநில அரசு 3.5 லட்சம் தரும் கலைஞர் கனவு இல்லம் அவர்களுக்குக் கிடையாது. ஊரக வீட்டுத் திட்டத்தில் வீட்டுப் பணத்தோடு சேர்த்துத் தரப்பட்ட 90 நாள் வேலைக் கூலியும் கிடையாது. 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயல், கிராமத்துக் குடிசை, பேரூராட்சிக் குடிசை என்று பார்த்து அடிக்கவில்லை.

பொலிவுறு நகரத் திட்டத்தையும் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. 2016 செப்டம்பரில் தஞ்சாவூர் அதில் தேர்வானது. ஒரு நகரத்துக்கு மத்திய அரசின் பங்கு 500 கோடி, அதற்கு ஈடாக மாநிலப் பங்கு. பழைய பேருந்து நிலையம் புதிதாக எழுந்தது. அய்யன்குளம் தூர்வாரப்பட்டு அழகாயிற்று. நல்ல வேலைகள்தான். ஆனால் நகரம் தேர்வான அடுத்த மாதமே மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்து, 2022 பிப்ரவரி வரை தமிழ்நாட்டு நகரங்களுக்குத் தேர்தலே நடக்கவில்லை. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வார்டுக்குக் கவுன்சிலர் இல்லை. நிதியைச் செலவிட்டது தனி நிறுவனம். பூங்காவுக்கு முன்னால் மனைப்பட்டா என்று மன்றத்தில் எழுந்து கேட்க ஆள் இல்லாத காலத்தில் முன்னுரிமைகள் முடிவாயின. இது பெரும் குறை.

நிலம் மாநில அதிகாரத்துக்கு உட்பட்டது என்று தங்கள் அதிகாரிகள் சொல்லக்கூடும். நிலமற்றவருக்கு மாநிலங்கள் பட்டா தரலாம் என்று புதிய விதிகளிலும் இடம் இருக்கிறது. அனுமதி மட்டும் போதாது, பணமும் வேண்டும். அதற்கு முன்னுதாரணம் தில்லியிலேயே இருக்கிறது: 2009இல் இந்திரா வீட்டுத் திட்டத்தில் மனை ஒன்றுக்கு 10,000 ரூபாய் ஒதுக்கி, மத்திய அரசும் மாநிலமும் பாதிப்பாதி ஏற்றன. ஒடிசா 2017இல் குடிசைப் பகுதி மக்களுக்கு நில உரிமைச் சட்டம் இயற்றி, அந்த உரிமைச் சான்றை வைத்தே தங்கள் திட்டத்தின் வீட்டு நிதியை அவர்களுக்குப் பெற்றுத் தந்தது.

ஆகவே இரண்டு கோரிக்கைகள். மனை வாங்கும் செலவில் தங்கள் அமைச்சகமும், இன்றைய விலைக்கு ஏற்ற ஒரு பங்கை ஏற்க வேண்டும். அடுத்து, பட்டா இல்லை என்று திருப்பப்பட்ட விண்ணப்பங்கள் எத்தனை என்று டெல்டாவின் ஒவ்வொரு பேரூராட்சியிலும் வார்டு வாரியாகக் கணக்கெடுத்து, அந்தப் பட்டியலைத் திட்ட ஒப்புதல் குழுவின் அடுத்த கூட்டத்திலேயே வைக்கச் சொல்ல வேண்டும்.